மேட்டிலேயே கியரைப் போட்டுவிடு

போடிமெட்டு உச்சியில் டீக்கடைக்கு முன்னால் அப்பா ஜீப்பை ஓரங்கட்டுவார். விடியற்காலையில் போடியிலிருந்து தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிப்போன வண்டி, சாயங்காலம் ஏலக்காய் மூட்டைகளோடு திரும்பும். கீழே இறங்கி நான்கு டயரையும் காலால் தட்டிப் பார்ப்பார். மூட்டைக் கயிற்றை இழுத்துப் பார்ப்பார். மறுபடி ஏறி உட்கார்ந்து இரண்டாம் கியரைப் போட்ட பிறகுதான் வண்டி நகரும். அதற்குக் கீழே 17 கொண்டை ஊசி வளைவுகள். "மேட்டிலேயே கியரைப் போட்டுடணும்டா. வளைவுக்குள்ள போய்த் தேடக் கூடாது" என்பார். காலி வண்டியில் இறங்கும் நாட்களில் அவர் இவ்வளவு மெனக்கெட மாட்டார். பாரம் இருக்கிற அன்றைக்குத்தான் இந்தச் சடங்கெல்லாம்.

நான் ஜீப்பை விட்டு விமானத்துக்குப் போனேன். பல வருடம் ஓட்டினேன், அதைவிட அதிக வருடம் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன், இப்போது போடிக்கே திரும்பிவிட்டேன். பயிற்சியில் இருக்கும் பிள்ளைகள் சிலர் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது வீட்டுக்கு வருகிறார்கள். பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "ஐயா, செஸ்னா 152-ல நல்லாத்தான் இறக்கினேன். பெரிய வண்டிக்கு மாத்தினதுலேர்ந்து ஒவ்வொரு லேண்டிங்கும் தொப்புன்னு விழுது." நான்கு பேர் உட்காரும் 172-க்கோ அதைவிடக் கனமான 182-க்கோ மாறியவர்களின் கேள்வி இது. திண்ணையில் உட்கார்ந்து துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன். உங்கள் பயிற்சியாளர் சொல்வதும் விமானத்தோடு வரும் கையேடு சொல்வதும் இதற்கு முன்னால் நிற்கும். அவற்றோடு மோதினால் என்னை விட்டுவிடுங்கள்.

1. எதை ஓட்டுகிறீர்கள் என்பதை எண்ணால் தெரிந்துகொள்ளுங்கள்.

செஸ்னா 152 முழு எடையோடு 757 கிலோ, அதன் இன்ஜின் 110 குதிரைத்திறன். 172-இன் பிந்தைய மாடல் 1,157 கிலோ, 180 குதிரைத்திறன். 182-இன் பிந்தைய மாடல் 230 குதிரைத்திறனோடு 1,406 கிலோ வரை மேலே ஏறலாம். ஆனால் இறங்கும்போது 1,338 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது. ஏறும் எடைக்கும் இறங்கும் எடைக்கும் வேறு வேறு வரம்பு உண்டு என்பதே 152-இல் பழகியவருக்குப் புதிய செய்தி.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 757 கிலோ விமானம் 55 நாட் வேகத்தில் ஓடுபாதைக்கு வருகிறது. 1,338 கிலோ விமானம் 65 நாட் வேகத்தில் வருகிறது. வேகத்தில் வித்தியாசம் 10 நாட்தான். அது சுமந்து வரும் ஆற்றலோ ஏறத்தாழ இரண்டரை மடங்கு. அந்த இரண்டரை மடங்கையும் சக்கரம், பிரேக், ஓடுபாதையின் நீளம், உங்கள் கை இவைதான் செலவழித்தாக வேண்டும். பெரிய வண்டி தொப்பென்று விழுவதற்கான காரணத்தில் பாதி இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

2. பயத்துக்காக வேகத்தைக் கூட்டாதீர்கள்.

கனமான விமானம் என்றவுடன் பிள்ளைகள் செய்யும் முதல் காரியம் இது. கையேடு 65 நாட் என்றால், எடைக்காக ஐந்து, காற்றுக்காக ஐந்து, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் ஐந்து. வேகம் பத்து சதவீதம் கூடினால் ஆற்றல் 21 சதவீதம் கூடும். அந்த ஆற்றல் தீரும்வரை விமானம் தரைக்கு மூன்றடி உயரத்தில் மிதந்துகொண்டே போகும், ஓடுபாதை கீழே ஓடித் தீரும். அப்போது பொறுமை இழந்து ஸ்டிக்கை முன்னால் தள்ளி விமானத்தைத் தரையில் அமுக்குவீர்கள். மூக்குச் சக்கரம் முதலில் தொடும். ஐந்தாவது அறிவுரையில் சொல்லப்போகும் விபத்தின் விதை, ஒரு கிலோமீட்டருக்கு முன்னால் நீங்கள் கூட்டிய அந்தப் பதினைந்து நாட்டில்தான் இருக்கிறது.

இறக்கை காற்றைப் பிடிக்க முடியாமல் கைவிடும் வேகம்தான் ஸ்டால் வேகம். இறங்கி வருவது அதைப்போல 1.3 மடங்கு வேகத்தில் என்பது பொதுவான கணக்கு. இந்த ஸ்டால் வேகம் எடையின் வர்க்கமூலத்தைத் தொடர்ந்து ஏறி இறங்கும். எடை பத்து சதவீதம் குறைந்தால் வேகம் ஏறத்தாழ ஐந்து சதவீதம் குறையும். ஆகவே நான்கு பேரோடு இறங்கும்போது சரியாக இருந்த வேகம், தனியாக இறங்கும்போது அதிக வேகம். காற்று விட்டு விட்டு வீசினால் மட்டும், அந்த வீச்சின் வித்தியாசத்தில் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். காற்று 10 நாட்டிலிருந்து 18 நாட்டுக்குத் தாவுகிறது என்றால் நான்கு நாட். அதற்கு மேல் வேண்டாம்.

3. மேட்டிலேயே கியரைப் போட்டுவிடுங்கள்.

அப்பா சொன்னதை விமானத்துக்கு மாற்றினால் இப்படி வரும். ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் பறக்கும் டவுன்விண்டிலேயே எரிபொருள், மிக்ஸ்சர், கார்புரேட்டர் இருந்தால் அதற்கான வெப்பம், வேகம் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும். ஃபிளாப்பைப் படிப்படியாக இறக்க வேண்டும், ஒரேயடியாகக் கூடாது. 182-இல் புரொப்பெல்லருக்குத் தனி லீவர் இருக்கிறது. இறுதி நேர்கோட்டில் அதை முழுக்க முன்னால் தள்ளியிருக்க வேண்டும். திரும்ப மேலே ஏற நேர்ந்தால் இன்ஜினின் முழு பலமும் அப்போதுதான் கைக்கு வரும்.

தரையிலிருந்து 500 அடி உயரத்துக்கு வரும்போது வேகம், நேர்கோடு, ஃபிளாப், ட்ரிம் நான்கும் அமைந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு உங்கள் கைக்குச் சின்னச் சின்னத் திருத்தம் மட்டுமே மிச்சம். நான்கில் ஒன்று அமையாவிட்டாலும் இறங்காதீர்கள். சின்ன விமானம் கடைசி நேரத் திருத்தங்களை மன்னிக்கும், ஏனென்றால் நீங்கள் சொன்னதும் அது கேட்டுவிடும். கனமான விமானம் தாமதமாகக் கேட்கும். கேட்ட பிறகு நிற்கச் சொன்னாலும் நிற்காது.

ட்ரிம் சரியா என்று அறிய ஒரு வழி. கைப்பிடியில் இரண்டு விரலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தளர்த்துங்கள். மூக்கு இருந்த இடத்திலேயே இருந்தால் சரி. ஏறினாலோ தாழ்ந்தாலோ ட்ரிம் சக்கரத்தை இன்னும் திருப்புங்கள். 152-இல் ட்ரிம்மைத் தொடாமலே ஒரு சுற்று பறந்து இறங்கிவிடலாம். அந்தப் பழக்கத்தை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

4. தரையில் நீங்கள் நகரும் வேகத்தை ஐந்தால் பெருக்குங்கள். 70 நாட் என்றால் நிமிடத்துக்கு 350 அடி. வழக்கமான மூன்று பாகைச் சரிவில் இறங்க அவ்வளவு போதும். இறங்கும் வேகத்தைக் காட்டும் முள் 700-ஐக் காட்டினால் எங்கேயோ தவறு நடந்துகொண்டிருக்கிறது.

5. மூக்கைத் தூக்கி வைத்திருங்கள்.

இதைத்தான் அதிகம் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இது எனக்கே நடந்தது.

182-இன் இன்ஜின் கனமானது. முன் இருக்கைகளில் இரண்டு பேர், பின்னால் யாரும் இல்லை, சாமான் பெட்டியும் காலி என்றால் விமானத்தின் எடை மையம் முன் எல்லையை ஒட்டி நிற்கும். பயிற்சியில் பெரும்பாலும் இப்படித்தான் பறக்கிறோம். இதில் இறங்கும்போது த்ராட்டிலை முழுக்க இழுத்துவிட்டால், புரொப்பெல்லரின் காற்று வால் மீது பாயாது. எலிவேட்டரின் பலம் குறைந்துவிடும். மூக்கைத் தூக்க ஸ்டிக்கை நிறைய இழுக்க வேண்டும், பலமாகவும் இழுக்க வேண்டும். 152-இல் இரண்டு விரலால் செய்ததற்கு இங்கே முழங்கை வேண்டும். பிள்ளைகள் இழுக்கத் தொடங்கி, கை கனத்ததும், போதும் என்று பாதியில் நிறுத்துகிறார்கள். நிறுத்தும் அந்த நொடியில்தான் இன்னும் இழுத்திருக்க வேண்டும்.

முந்நூறு மணி நேரம் பறந்த நிறைவில், எல்லாம் தெரியும் என்று இருந்த காலம் அது. ஒரு மத்தியானம் நானும் ஒரு நண்பரும் முன்னால் உட்கார்ந்து இறங்கினோம். பத்து நாட் அதிக வேகம், ட்ரிம் சரியில்லை. மிதந்தது. அமுக்கினேன். மூக்குச் சக்கரம் மோதி எழும்பியது, மறுபடி மோதியது. நிறுத்தி இறங்கிப் பார்த்தபோது வெளியே ஒன்றும் தெரியவில்லை. காற்று என்று எழுதிவைத்தேன். மறுநாள் மெக்கானிக் இன்ஜின் மூடியைக் கழற்றிக் கூப்பிட்டுக் காட்டினார். இன்ஜினுக்கும் நமக்கும் நடுவில் நிற்கும் ஃபயர்வால் தகடு, மூக்குச் சக்கரத்தின் கால் பொருந்தும் இடத்தில் துணி மாதிரி சுருங்கியிருந்தது. விமானம் மூன்று மாதம் கொட்டகையில் நின்றது. பழைய 182-ஐ வாங்குகிறவர்கள் முதலில் குனிந்து பார்க்கும் இடமே அந்தத் தகடுதான் என்று பிற்பாடு தெரிந்தது. எத்தனையோ பேர் எனக்கு முன்னால் அதே தவறைச் செய்திருக்கிறார்கள். காற்று என்று எழுதிய அந்த வரி இன்றைக்கும் எனக்குக் குத்துகிறது.

பரிகாரம் மூன்று. இறுதி நேர்கோட்டிலேயே ட்ரிம்மைப் பின்னால் நன்றாகத் திருப்பி, கைக்கு வரும் பாரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். மூக்கைத் தூக்கும் வரை இன்ஜினைக் கொஞ்சம் உயிரோடு வைத்திருந்து, தூக்கிய பிறகு த்ராட்டிலை மெதுவாக மூடுங்கள். மூன்றாவது, கணக்கு இடம் கொடுத்தால் பின்பக்கச் சாமான் பெட்டியில் எடை வைத்துக் கட்டுங்கள். எடை மையக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்த பிறகு, அவிழாத மாதிரி கட்டியது மட்டும். அப்பா மூட்டைக் கயிற்றை ஏன் இழுத்துப் பார்த்தார் என்பது எனக்குப் புரிந்தது அங்கேதான்.

6. பார்வையை ஓடுபாதையின் கடைசிக்குக் கொண்டுபோங்கள். சரிவில் வரும்போது இறங்கும் புள்ளியைப் பார்த்தது சரி. மூக்கைத் தூக்கத் தொடங்கியதும் கண் தூரத்துக்குப் போக வேண்டும். பக்கத்துத் தரையையே பார்த்தால் அது பாய்ந்து வருவதுபோல் தோன்றி, உயரத்திலேயே இழுத்துவிடுவீர்கள். பெரிய விமானத்தில் இருக்கையும் சற்று உயரம், மூக்குப் பகுதியும் நீளம். முதல் நாள் விமானம் தரையில் நிற்கும்போதே இருக்கையைச் சரிசெய்து உட்கார்ந்து, தொடுவானம் கண்ணாடியில் எந்த இடத்தில் தெரிகிறது என்று ஐந்து நிமிடம் பாருங்கள். தரையைத் தொடும் நேரத்தில் மூக்கு அதைவிடச் சற்று உயரத்தில் தெரிய வேண்டும்.

7. எழும்பினால் ஏறிவிடுங்கள்.

ஒரு சின்னத் துள்ளல் என்றால் மூக்கை அதே நிலையில் பிடித்துக்கொண்டு, தேவைப்பட்டால் சற்று இன்ஜின் கொடுத்து மறுபடி இறக்கிவிடலாம். மூக்குச் சக்கரம் மோதி எழும்பியிருந்தால் சமாளிக்கப் பார்க்காதீர்கள். விமானம் மேலே போகும்போது நீங்கள் தள்ளுவீர்கள், அது கீழே வரும்போது இழுப்பீர்கள், ஒவ்வொன்றும் அரை நொடி தாமதமாக. இரண்டாவது துள்ளல் முதலாவதைவிடப் பெரிது. மூன்றாவதில் புரொப்பெல்லர் தரையைத் தொட்டுவிடலாம்.

முழு த்ராட்டில் கொடுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. ட்ரிம்மைப் பின்னால் திருப்பி வைத்திருக்கிறீர்கள், ஃபிளாப் முழுக்கக் கீழே. 230 குதிரைத்திறன் வந்து சேர்ந்ததும் மூக்கு வானத்தைப் பார்த்து எகிறும். பலமாக முன்னால் தள்ளிப் பிடித்தபடி ட்ரிம்மைத் திருப்புங்கள். ஃபிளாப்பை முதலில் 20-க்கு மட்டும் ஏற்றுங்கள். விமானம் உண்மையாகவே ஏறுகிறது என்று கண்ட பிறகு 10, அதற்குப் பிறகு பூஜ்யம். பயந்துபோய் ஒரே இழுப்பில் மேலேற்றினால் விமானம் தரையை நோக்கி அமிழும். இதை 3,000 அடி உயரத்தில் பயிற்சியாளரோடு பலமுறை செய்து பார்த்த பிறகே தரைக்குப் பக்கத்தில் செய்யுங்கள்.

8. காற்றை ஊரிலேயே படித்துக்கொள்ளலாம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை போடியில் நின்று மேற்கே பாருங்கள். மெட்டில் மேகம் கட்டி மழை கொட்டும். இங்கே வெயில். தென்மேற்குக் காற்று முகட்டைத் தாண்டி நம் பக்கம் கீழ்நோக்கிக் கொட்டுகிறது. கம்பம் கணவாய் வழியாகப் பாய்கிறது. தேனி மாவட்டத்தில் அத்தனை காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. மலைக்கு மறைவான பக்கத்தில் பறக்கும் சின்ன விமானம், முழு இன்ஜினிலும் ஏற முடியாமல் அமிழலாம். ஆகவே காற்று வலுத்த நாளில் முகட்டை நேருக்கு நேர் நோக்கிப் போகாதீர்கள். 45 பாகை சாய்வாக அணுகினால் திரும்பி விலகுவது எளிது. முகட்டுக்கு மேலே 2,000 அடியாவது வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கவாட்டுக் காற்றில் இறங்குவதற்கு முறை அதேதான். காற்று வரும் பக்கத்து இறக்கையைத் தாழ்த்தி, எதிர்ப்பக்க ரட்டரால் மூக்கை ஓடுபாதைக்கு நேராக வைப்பது. வித்தியாசம், கனமான விமானத்தைக் காற்று முதலில் அவ்வளவாக அசைக்காது. அசையவில்லை என்று சும்மா இருப்பீர்கள். ஒதுங்கத் தொடங்கிவிட்டாலோ அதை நிறுத்துவதும் அவ்வளவு கடினம். ஒதுங்குவது கண்ணில் பட்ட முதல் கணமே இறக்கையைத் தாழ்த்துங்கள். 172, 182 இரண்டின் கையேட்டிலும் 15 நாட் என்று ஒரு பக்கக் காற்று எண் இருக்கிறது. சோதனைப் பறப்பில் செய்து காட்டப்பட்ட அளவு அது. புதிதாக மாறியவர்கள் அதில் பாதியில் நிறுத்திக்கொள்வது நல்லது.

9. மலை ஓடுபாதை கண்ணை ஏமாற்றும்.

ஏலமலையிலேயே ஒரு ஓடுபாதை இருக்கிறது, நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது அதிகம் தெரிவதில்லை. கம்பம், குமுளி தாண்டினால் இடுக்கி மாவட்டத்து வண்டிப்பெரியாறு. அதற்குப் பக்கத்தில் சத்திரம் என்ற இடத்தில் என்.சி.சி. மாணவர்களின் பறக்கும் பயிற்சிக்காக 650 மீட்டர் நீளத்தில் கட்டியது. 2022-இல் முதல் முயற்சியில் விமானம் இறங்காமலே திரும்பியது. ஓடுபாதைக்குப் பக்கத்து மண்மேடு தடையாக நின்றது. அந்த வருடத்து மழையில் ஓடுபாதையின் ஓரம் சரிந்தது. கடைசியில் 2022 டிசம்பர் 1 அன்று வைரஸ் எஸ்.டபிள்யூ. 80 என்ற இருவர் விமானம் அங்கே இறங்கியது. ஸ்லோவேனியாவில் செய்த, 80 குதிரைத்திறன் கொண்ட, அரை டன்னுக்கும் குறைவான விமானம் அது.

அந்தச் செய்தியைப் படித்து நான் மகிழ்ந்தது இறங்கியதற்காக மட்டும் இல்லை. முன்னால் இறங்காமல் திரும்பினார்களே, அதற்காகவும்தான். பார்க்கக் கூட்டம் காத்திருக்கும்போது திரும்பிப் போவது எவ்வளவு கடினம் என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

அதே 650 மீட்டரில் 182 இறங்குமா என்று ஒரு பையன் கேட்டான். கையேட்டில் கடல் மட்டத்தில், 50 அடித் தடையைத் தாண்டி இறங்கி நிற்க 1,350 அடி, அதாவது ஏறத்தாழ 410 மீட்டர் போதும் என்று இருக்கிறது. புது விமானம், காய்ந்த ஓடுபாதை, தேர்ந்த கை என்ற கணக்கு அது. மலையில் காற்று மெலிது. ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் உங்கள் உண்மையான வேகம் முள் காட்டுவதைவிட ஏறத்தாழ 2 சதவீதம் கூடும். வெயில் ஏறினால் இன்னும் கூடும். முள் 65 என்று சொல்லும்போது சக்கரம் 70-ஐ ஒட்டித் தரையைத் தொடும். ஈரம் இருந்தால் பிரேக்கும் பிடிக்காது. 410 மீட்டர் எப்படி 600-ஐ எட்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இறங்கிவிட்டாலும், திரும்ப ஏறிப் போகும் கணக்கு தனி. அவனுக்கு நான் சொன்ன பதில், வேண்டாம்.

இனி, கண்ணின் ஏமாற்றுக்கு வருகிறேன். மேல்நோக்கிச் சரிந்த ஓடுபாதைக்கு வரும்போது நீங்கள் அதிக உயரத்தில் இருப்பதாகத் தோன்றும். நம்பித் தாழ்ந்தால் ஓடுபாதைக்கு முன்னாலேயே தரை வந்துவிடும். குறுகலான ஓடுபாதையும் இதே பொய்யைச் சொல்லும். நேபாளத்து லுக்லா ஓடுபாதை 2,845 மீட்டர் உயரத்தில், 527 மீட்டர் நீளம், 11.7 சதவீதச் சரிவு. அங்கே இறங்குகிறவர்கள் தனிப்பயிற்சி பெற்றவர்கள். உங்கள் கண் சொல்வதையும் நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற முள் சொல்வதையும் ஒப்பிட்டுக்கொண்டே வாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் முள்ளை நம்புங்கள்.

10. சக்கரம் தொட்ட பிறகும் ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டே இருங்கள். மூக்கு தானாக இறங்கட்டும். அது இறங்கும்வரை பிரேக்கைத் தொடவேண்டாம். நின்ற பிறகு, ஓடுபாதையை விட்டு வெளியே வந்த பிறகு, ஃபிளாப்பை ஏற்றுங்கள்.

11. பாரத்தை மாற்றி மாற்றிப் பழகுங்கள்.

மாறும் பயிற்சியில் பிள்ளைகள் பத்து லேண்டிங் செய்தால் பத்தும் முன்னால் இருவர், பின்னால் காலி. பிறகு ஒருநாள் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். எடை கூடி, மையம் பின்னால் போய், ஸ்டிக் திடீரென்று லேசாகிவிடுகிறது. பழகிய பலத்தோடு இழுத்தால் மூக்கு அளவுக்கு மேல் எழும்பும். ஆகவே பயிற்சியாளரைக் கேட்டு, பின் இருக்கையில் ஆளோடு, ஆள் இல்லாமல், எரிபொருள் நிறைய, குறைய என்று எல்லா மாதிரியும் இறங்கிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு நோட்டில் நான்கு எண் எழுதுங்கள்: இறங்கிய எடை, 500 அடியில் இருந்த வேகம், ஓடுபாதையின் தொடக்கத்தைத் தாண்டியபோது இருந்த வேகம், குறிவைத்த இடத்துக்கும் தொட்ட இடத்துக்கும் உள்ள தூரம். இருபது லேண்டிங் எழுதிய பிறகு நோட்டோடு போடிக்கு வாருங்கள். எந்தப் பக்கத்தில் என்ன நடந்தது என்று திண்ணையில் உட்கார்ந்து சேர்ந்து பார்க்கலாம். சரியாக வராத லேண்டிங்கை முதலில் காட்டுங்கள்.